இதர வருமானம்

ஆண்டறிக்கைப் படிவத்தின் ஐந்தாவது கட்டம் கேட்கிறது:
பயனடைந்த இளையோர் எத்தனை பேர்?
நாற்பத்தொன்று என்று எழுதி
ஒன்றை வெட்டி
திரும்பவும் ஒன்றை எழுதினேன்.

பகலில் பழைய சோனகத் தெருவில்
ஆணியும் பிணைச்சலும் விற்கும் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன்.
ஆறு மணிக்குமேல்
புளூமெண்டால் வீதியில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
மூடிப்போன அச்சகமொன்றின் முன்னறையில்
நான் பொருளாளர்.
பதவி பெரிது.
பணப்பெட்டி, பழைய பிஸ்கட் தகரம்.

வரவு.
மீன் மொத்த வியாபாரி பஸ்தியாம்பிள்ளை, மாதம் ஐயாயிரம்.
சுவரில் தன் தாயின் பெயர் வேண்டும் என்றார்.
பிழையாக எழுதி, பிறகு திருத்தினோம்.
ஓட்டோ தரிப்பிடத்தார் ஆளுக்கு நூறு.
சவூதியிலிருந்து ஷஹீமாவின் உம்மா
ஒரே ஒருமுறை, பத்தாயிரம்,
"எட்டு மணிக்கு அவளைத் தனியா அனுப்பாதீங்க"
என்ற குரல் பதிவோடு.

செலவு.
வாடகை. கரண்ட் பில். கரம் போட்டுக்கு மாவு.
கணிதம் படிப்பிக்கும் பெடியனுக்கு பஸ் காசு.
மீன் பணிஸ் முப்பது.
முப்பது போதாது என்பது ஜூன் மாதம்தான் தெரிந்தது,
கடைசியாக வருகிறவர்கள் பசியில்லை என்று
ஒரே குரலில் சொல்லத் தொடங்கியபோது.

கொழும்பு ஏழிலிருந்து குளிர் வாகனத்தில் வந்தார்கள்.
ஆறு மாதத்துக்கு உதவி, முடிவில் அறிக்கை.
படம் எடுக்கையில் சிரிக்கச் சொன்னார்கள்.
தினுக வாயைத் திறக்கவில்லை.
அவனுக்கு முன்பல் உடைந்திருந்தது.

ஓகஸ்டில் தகரத்தில்
மூவாயிரத்து இருநூறு குறைந்தது.
"பொலிசுக்குப் போவம்" என்றார் தலைவர்.
ஒருவரும் பேசவில்லை.
பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி
கஜரூபனைப் பார்த்தார்கள்.
அவன் அண்ணன் வெலிக்கடையில் இருக்கிறான்.
நானும் பார்த்தேன்.
பிறகுதான் சொன்னேன்,
"நான் பிழையா எண்ணிட்டன்."
இருபத்திரண்டு வருடத்தில்
ஒரு சதம் பிசகாதவள்.
தலைவர் பிளேன்டீயை ஊதினார்,
அது எப்போதோ ஆறியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை
தகரத்தில் நூறு ரூபாய் கூட இருந்தது.
அதற்கடுத்த வெள்ளி, இன்னொரு நூறு.
ஒருமுறை ஐம்பது. ஒருமுறை இருநூறு, சில்லறையாக.
முகர்ந்தால் வெங்காய வாசம்.
நான்காம் குறுக்குத் தெருவில்
சனிக்கிழமைகளில் மூட்டை இறக்குகிறவர்கள் எங்களிடம் மூன்று பேர்:
இஃப்லால், தினுக, கஜரூபன்.
மூன்று பேர் கையிலும் அதே வாசம்.
நல்லதாய்ப் போயிற்று என்றிருந்தேன்.
நோட்டை விரித்து, நீவி,
'இதர வருமானம்' என்று எழுதிவந்தேன்.

ஒக்டோபரில் கஜரூபன் வராமல் நின்றான்.
நோட்டுகள் நிற்கவில்லை.

மட்டக்குளி கொள்கலன் முற்றத்தில் அவனைக் கண்டேன்,
தலையில் அளவுக்குப் பெரிய மஞ்சள் தொப்பி.
லொறிகளின் இலக்கத்தை எழுதிக்கொண்டிருந்தான்,
அழகான கையெழுத்து.
"பணம் தேடி வந்தீங்களா மிஸ்?"
இல்லை என்றேன்.
"எல்லாரும் பாத்தாங்க. பரவாயில்ல.
நீங்களும் பாத்தீங்க."
பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.
நான் சொல்ல வைத்திருந்தது
அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டது.
திரும்பச் சொல்லவும் இல்லை.

ஒன்பதாவது கட்டம்:
எதிர்கொண்ட சவால்கள், ஐம்பது சொற்களுக்குள்.
'மின் கட்டணம்' என்று எழுதினேன்.
பதினோராவது:
இதர வருமானம் இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது,
மூலத்தைக் குறிப்பிடவும்.
அந்தக் கோட்டின் மேல் பேனையை வைத்தபடி
வெகுநேரம் இருந்தேன்.
நீலப்புள்ளி ஒன்று பரவி
எழுத்து மாதிரி ஏதோ ஆனது.

தகரத்தில் இன்னும் முந்நூற்றைம்பது குறைகிறது.
யாரோ ஒரு பிள்ளைக்கு
இன்னும் மூன்றோ நான்கோ வெள்ளிக்கிழமை.
அதுவரைக்கும் ஆண்டுக் கணக்கை மூடமாட்டேன்.
கொழும்பு ஏழு காத்திருக்கட்டும்.

பேக்கரிக்கு போன் எடுத்து
நாற்பத்தொரு பணிஸ் என்றேன்.
"ஒன்று மிஞ்சுமே" என்றான்.
போன கிழமையும் மிஞ்சியது.